‘எக்ஸ்பாண்ட்’ என்ற ஆங்கில வினை: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

இலைநுனி எழுதியது:

வேலைக்குச் செல்லும் பெரியவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதக் கற்பிக்கும் வகுப்பு ஒன்றை நடத்திவருகிறேன். அவர்கள் எழுத்தில் அடிக்கடி தட்டுப்படும் சொல் ‘எக்ஸ்பாண்ட்’. அகராதியில் இதற்கு ‘விரிவடை’, ‘விரிவாக்கு’, ‘பெருகு’, ‘பெருக்கு’ என்று பொருள் தரப்பட்டிருக்கிறது. அதை நம்பி அவர்கள் எழுதும் வாக்கியங்களில் சில சரியாக அமைகின்றன, சில அமைவதில்லை; ஏன் என்று அவர்களுக்குப் புரிவதில்லை. ‘கம்பெனி எக்ஸ்பாண்ட் ஆகிறது’ என்பது சரி என்றால், ‘கெடு தேதியை எக்ஸ்பாண்ட் செய்யுங்கள்’ என்பது ஏன் தவறு? சாலையை அகலப்படுத்துவதும் நீட்டுவதும் இரண்டுமே விரிவாக்கம்தானே? விலை உயர்ந்தால் ‘பிரைஸ் எக்ஸ்பாண்டட்’ என்று ஏன் எழுதக் கூடாது?

ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியே திருத்திக் கொடுப்பதில் எனக்கு நிறைவில்லை. அவர்களே தங்கள் வாக்கியத்தைச் சோதித்துக்கொள்ளும்படியான ஒரு வழி வேண்டும். செயப்பாட்டு வினை குறித்து இன்னொரு கேள்வியும் உண்டு. அதைப் பிறகு கேட்கிறேன்.

தச்சுளி எழுதியது:

மொழிபெயர்ப்பிலும் மெய்ப்புத் திருத்தத்திலும் நெடுநாளாக இந்தச் சொல்லோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். பொருளை மட்டும் பார்த்தால் இந்தச் சிக்கல் தீராது. எந்தத் திசையில் மாற்றம் நிகழ்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

‘எக்ஸ்பாண்ட்’ என்பது லத்தீன் மொழியின் ‘எக்ஸ்பாந்தேரே’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘எக்ஸ்’ என்பது வெளியே. ‘பாந்தேரே’ என்பது பரப்புதல், விரித்தல். ‘எக்ஸ்டெண்ட்’ என்பதோ ‘டெண்டேரே’ என்ற வேறொரு வினையின் வழியாக வந்தது. அதற்கு இழுத்தல், நீட்டுதல் என்று பொருள். இரண்டு சொற்களும் ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கிவிட்டன. அப்படியிருந்தும் அந்தப் பழைய வேறுபாடு இன்றுவரை அழியவில்லை என்பதுதான் நமக்குக் கைகொடுக்கும் செய்தி. ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளின் எல்லைகள் பல பக்கங்களிலும் வெளிநோக்கி நகர்ந்தால் அது ‘எக்ஸ்பாண்ட்’. ஒரு முனையிலிருந்து ஒரு கோட்டின் போக்கில் நீண்டால் அது ‘எக்ஸ்டெண்ட்’.

காலம் ஒரு கோடாகவே கருதப்படுகிறது. ஆகவே கெடு, ஒப்பந்தக் காலம், விடுமுறை, நுழைவிசைவு (விசா) ஆகிய அனைத்தும் ‘எக்ஸ்டெண்ட்’ ஆகும், ‘எக்ஸ்பாண்ட்’ ஆகா. தமிழிலும் நாம் ‘கால நீட்டிப்பு’ என்கிறோமே தவிர ‘கால விரிவாக்கம்’ என்று சொல்வதில்லை. கைகுலுக்குவதற்காகக் கையை நீட்டுவதும் ‘எக்ஸ்டெண்ட்’தான்.

சாலை இந்த வேறுபாட்டை நன்றாகக் காட்டும் எடுத்துக்காட்டு. இருவழிச் சாலை நான்குவழியானால் ‘வைடன்’. அடுத்த ஊர்வரை கொண்டுசெல்லப்பட்டால் ‘எக்ஸ்டெண்ட்’. ஒரு நாட்டின் சாலைகள் எல்லாம் சேர்ந்த வலையமைப்பு பெரிதானால், அப்போதுதான் ‘எக்ஸ்பாண்ட்’. தனிச் சாலை கோடு, வலையமைப்பு பரப்பு. இந்த ஒரு நுட்பத்தை வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

விலை, சம்பளம், வெப்பநிலை, எண்ணிக்கை ஆகியவற்றுக்குப் பரப்பும் கிடையாது, பக்கங்களும் கிடையாது. அவை ஓர் அளவுகோலில் மேலே ஏறும் அல்லது கீழே இறங்கும். எனவே அவற்றுக்கு ‘ரைஸ்’, ‘இன்கிரீஸ்’ போன்ற சொற்களே உரியவை.

முக்கோணம் எழுதியது:

கணிதம் கற்பிப்பவன் நான். தச்சுளி அவர்கள் சொன்னதற்கு வலுச்சேர்க்கும் ஒரு பயன்பாடு எங்கள் துறையில் இருக்கிறது.

கணிதத்தில் ‘எக்ஸ்பாண்ட்’ என்று ஒரு வினா கட்டளையிட்டால், அடைப்புக்குறிகளை நீக்கிக் கோவையை விரித்து எழுத வேண்டும் என்று பொருள். a, b ஆகியவற்றின் இடத்தில் அ, ஆ என்று வைத்துக்கொண்டால், (அ + ஆ)² என்பதை விரித்து எழுதும்போது அ² + 2அஆ + ஆ² கிடைக்கிறது. தாளில் அது பிடிக்கும் இடம் கூடியிருக்கிறது. மதிப்பு துளியும் கூடவில்லை. அ என்பது 3, ஆ என்பது 4 என்றால் விரிப்பதற்கு முன்னும் 49, விரித்த பின்னும் 49. ஈருறுப்புத் தேற்றமும் டெய்லர் தொடரும் இதே வகை விரிவுகளே.

ஆக, ‘எக்ஸ்பாண்ட்’ என்ற சொல்லின் உள்ளே ‘அதிகரித்தல்’ என்ற கருத்து கட்டாயமாக இருப்பதில்லை. உள்ளே மடிந்து கிடந்தது வெளியே தெரிகிறது, அவ்வளவே. சுருக்கக் குறியீட்டை முழுப் பெயராக எழுதுவதையும், கணினித் திரையில் ஒரு பட்டியலின் ஓரத்திலுள்ள குறியைச் சொடுக்கி உள்ளடங்கிய வரிகளைத் திறப்பதையும் ‘எக்ஸ்பாண்ட்’ என்று சொல்வதற்கு இதுவே காரணம். அங்கே புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை. இந்தப் பொருளை மாணவர்களுக்கு முதலிலேயே காட்டிவிட்டால் ‘பிரைஸ் எக்ஸ்பாண்டட்’ என்று எழுதும் எண்ணமே அவர்களுக்கு எழாது.

வழிப்போக்கன் எழுதியது:

இருவரின் விளக்கமும் தெளிவாக இருந்தாலும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. ஒரு நிறுவனம் ‘எக்ஸ்பாண்ட்’ ஆகிறது என்றால் புதிய ஆட்கள், புதிய கட்டடங்கள், புதிய முதலீடு எல்லாம் வெளியிலிருந்து வந்து சேர்கின்றன. அங்கே மடிந்து கிடந்தது எதுவும் இல்லை. மேலும், ‘எக்ஸ்பாண்டிங் பாப்புலேஷன்’ என்ற தொடரைத் தரமான ஆங்கில நூல்களிலேயே காண்கிறோம். மக்கள்தொகை ஓர் எண்ணிக்கைதானே? எண்ணிக்கைக்கு இந்தச் சொல் ஆகாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே மாணவர் ஒருவர் அந்த நூலைக் கொண்டுவந்து காட்டினால் ஆசிரியர் என்ன சொல்வார்?

தச்சுளி எழுதியது:

நியாயமான மறுப்பு. இரண்டையும் தனித்தனியே பார்க்கலாம்.

நிறுவனத்தைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து சேர்கிறதா இல்லையா என்பதைச் சோதனையாகக் கொள்ள முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அங்கும் ஒன்று மாறாமல் இருக்கிறது: அந்த நிறுவனம் அதே நிறுவனமாகவே நீடிக்கிறது. அதன் எல்லை மட்டும் வெளியே தள்ளப்படுகிறது. முன்பு அதற்கு அப்பால் இருந்தவை இப்போது அதற்குள் அடங்குகின்றன. ஒருவரின் பொறுப்பு, ஒரு நூலகத்தின் தொகுப்பு, நாம் அறிந்த சொற்களின் தொகை ஆகியவற்றுக்கும் இந்த வினை பொருந்துவதற்கு அதுதான் காரணம். ‘ரோல்’, ‘நெட்வொர்க்’, ‘கலெக்ஷன்’, ‘வொக்காபுலரி’, ‘மார்க்கெட்’, ‘எகானமி’ ஆகிய பெயர்கள் இந்த வினையோடு இயல்பாகச் சேர்ந்து வரும். அவை எல்லாம் பலவற்றைத் தம்முள் அடக்கிய தொகுதிகள் என்பதைக் கவனியுங்கள்.

மக்கள்தொகையும் அப்படித்தான். ‘பாப்புலேஷன்’ என்ற சொல் ஓர் இடத்தில் வாழும் மக்கள் திரளையும் குறிக்கும், அத்திரளின் எண்ணிக்கையையும் குறிக்கும். திரளாகப் பார்க்கும்போது அது ‘எக்ஸ்பாண்ட்’ ஆகலாம். ஓர் உயிரினத்தின் தொகை புதிய நிலப்பரப்புக்குள் பரவுவதைப் பேசும் உயிரியலாளர்கள் அப்படியே எழுதுகிறார்கள். எண்ணாகப் பார்க்கும்போது ‘குரோ’ அல்லது ‘இன்கிரீஸ்’ என்பதே இயல்பு. ‘த நம்பர் ஆஃப் பீப்பிள் எக்ஸ்பாண்டட்’ என்று எழுதிப் பாருங்கள். உடனே அது ஒட்டாமல் நிற்பது தெரியும். ‘நம்பர்’ என்ற சொல் வாக்கியத்தில் வந்துவிட்டாலே திரள் என்ற பார்வை மறைந்து எண் மட்டுமே எஞ்சுகிறது.

வெப்பமானி எழுதியது:

இயற்பியல் பக்கத்திலிருந்து கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். இந்தச் சொல் மிகக் கறாராகப் பயன்படும் இடம் எங்கள் துறை என்று நான் கருதுகிறேன்.

ஒரு பொருளைச் சூடாக்கினால் அது ‘எக்ஸ்பாண்ட்’ ஆகிறது. அதன் பருமன் கூடுகிறது, நிறை மாறுவதில்லை. முக்கோணம் அவர்கள் கணிதத்தில் காட்டியதற்கு நேரான நிலை இது. 100 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டின் வெப்பநிலை 40 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளும். பாலங்களில் இடைவெளி விட்டு விரிவு இணைப்புகள் அமைப்பது இதற்காகத்தான். இங்கே ஒரு கேள்வி எழலாம்: தண்டு நீளத்தான் செய்கிறது, அப்படியானால் ‘எக்ஸ்டெண்ட்’ என்று சொல்ல வேண்டாமா? வேண்டாம். தண்டு எல்லாப் பக்கமும் விரிகிறது. குறுக்களவு மிகச் சிறியது என்பதால் நீளத்தில் மட்டுமே மாற்றம் நம் கண்ணுக்குப் படுகிறது. அதே தண்டை இரு முனைகளிலும் பிடித்து இழுத்து நீட்டினால், அப்போது பொறியாளர்கள் ‘எக்ஸ்டென்ஷன்’ என்கிறார்கள். அந்த நேரத்தில் தண்டு நீளத்தில் கூடி, குறுக்களவில் சிறிதளவு மெலிகிறது. இழுவையால் நீள்வதற்கு ஒரு சொல், வெப்பத்தால் விரிவதற்கு இன்னொரு சொல் என்ற இந்தப் பிரிவு, தச்சுளி அவர்கள் சொன்ன லத்தீன் வேர்களோடு அப்படியே ஒத்துப்போகிறது.

சூடாக்கினால்தான் விரியும் என்றும் இல்லை. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. 4 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நீரின் அடர்த்தி உச்சத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே குளிரக் குளிர அது விரியத் தொடங்குகிறது. எனவே ‘எக்ஸ்பாண்ட்’ என்ற வினை விளைவை மட்டுமே சொல்கிறது. காரணத்தை ‘வென் ஹீட்டட்’, ‘ஆஸ் இட் ஃப்ரீஸஸ்’ என்பது போன்ற தொடர்களால் நாம்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பேரண்டத்துக்கு வருகிறேன். பேரண்டம் விரிகிறது என்பதை வானியலாளர் லெமெய்த்ர் 1927-இல் எழுதினார்; தொலைவிலுள்ள விண்மீன் திரள்கள் விலகிச் செல்லும் வேகத்துக்கும் அவற்றின் தொலைவுக்கும் உள்ள தொடர்பை வானியலாளர் ஹபிள் 1929-இல் வெளியிட்டார். அந்த விரிவு வேகமெடுத்து வருகிறது என்பது 1998-இல் தெரியவந்தது. இந்த இடத்தில்தான் ‘இன்ட்டு’ என்ற சிறு சொல் படிப்பவரைத் தடுமாற வைக்கிறது. நிறுவனம் புதிய சந்தைக்குள் ‘எக்ஸ்பாண்ட் இன்ட்டு’ ஆகும். வளிமம் வெற்றிடத்துக்குள் ‘எக்ஸ்பாண்ட் இன்ட்டு’ ஆகும். இரண்டிலும் வெளியே ஓரிடம் முன்பே இருக்கிறது. பேரண்டம் அப்படி எதற்குள்ளும் விரியவில்லை; இடைவெளியே விரிகிறது. ‘அது எதற்குள் விரிகிறது’ என்று கேட்பவர்கள் அறிவியலைவிட இந்த வினையின் அன்றாடப் பழக்கத்தால்தான் அப்படிக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கடைசியாக, மாணவர்களுக்கு உதவும் என்று நான் நம்பும் ஒரு வழி. பொருளில் ஐயம் வந்தால் எதிர்ச்சொல்லைக் கேளுங்கள். உலோகத்துக்கும் பொருளாதாரத்துக்கும் எதிர்ச்சொல் ‘காண்ட்ராக்ட்’. கோவைக்கு ‘ஃபாக்டரைஸ்’. திரையிலுள்ள பட்டியலுக்கு ‘கொலாப்ஸ்’. சொல்லுக்கு ‘அப்ரீவியேட்’. கட்டுரைக்கு ‘கண்டென்ஸ்’. ஒரே வினைக்கு இத்தனை எதிர்ச்சொற்கள் இருப்பதே, அது இத்தனை பொருள்களில் பிரிந்து நிற்கிறது என்பதற்குச் சான்று. நீங்கள் எழுதிய வாக்கியத்துக்கு எதிர்ச்சொல்லாக ‘டிகிரீஸ்’ அல்லது ‘ஃபால்’ மட்டுமே பொருந்துமானால், அநேகமாக ‘எக்ஸ்பாண்ட்’ அங்கே வந்திருக்கக் கூடாது.

இலைநுனி எழுதியது:

எதிர்ச்சொல் வழி மிகவும் பயனுள்ளது. வகுப்பில் கட்டாயம் பயன்படுத்துவேன். இப்போது இரண்டாவது கேள்வி. ‘த பிசினஸ் எக்ஸ்பாண்டட்’, ‘த பிசினஸ் வாஸ் எக்ஸ்பாண்டட்’ ஆகிய இரண்டில் எதை எழுதச் சொல்வது? மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே எழுதுகிறார்கள். ‘காட் எக்ஸ்பாண்டட்’ என்றும் எழுதுகிறார்கள்.

யாப்பு எழுதியது:

இது தமிழ் ஆசிரியர் ஒருவர் விடை சொல்ல வேண்டிய கேள்வி என்பதால் எழுதுகிறேன். மாணவர்களின் இந்தப் பழக்கத்துக்கு வேர் தமிழில் இருக்கிறது. அந்த வேரைத் தெரிந்துகொண்டால் தமிழே இங்கே துணையாகவும் மாறும்.

தமிழில் ‘சிறகு விரிந்தது’ என்பது தன்வினை. ‘சிறகை விரித்தது’ என்பது பிறவினை. விரிந்தது, விரித்தது, பெருகியது, பெருக்கியது, நீண்டது, நீட்டியது, பரவியது, பரப்பியது என்று வினையின் வடிவத்திலேயே நாம் வேறுபாட்டைக் காட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘எக்ஸ்பாண்ட்’ என்ற ஒரே வடிவம் இரண்டு வேலைகளையும் செய்கிறது. அடுத்து ஒரு செயப்படுபொருள் வந்தால் பிறவினை, வராவிட்டால் தன்வினை. ‘ஓப்பன்’, ‘மெல்ட்’, ‘இன்கிரீஸ்’, ‘வைடன்’ ஆகியனவும் இத்தகையவையே.

நம் மாணவர் மனத்தில் ‘எக்ஸ்பாண்ட்’ என்றால் ‘விரிவாக்கு’ என்று பிறவினைப் பொருள் முதலில் பதிந்துவிடுகிறது. பிறகு ‘தொழில் விரிவடைந்தது’ என்று சொல்ல வரும்போது, ஆக்குபவர் இல்லாத நிலையை எப்படிக் காட்டுவது என்று திகைத்துச் செயப்பாட்டு வினைக்குப் போகிறார். தேவையே இல்லை. யார் விரித்தார் என்பது உங்கள் மனத்தில் இருந்து, அவரைச் சொல்லாமல் விடுகிறீர்கள் என்றால் ‘வாஸ் எக்ஸ்பாண்டட்’ பொருந்தும்: ஒரு மருத்துவமனைக் கட்டடம் தானாக விரியாது, எவரோ திட்டமிட்டு விரிவாக்கியிருப்பார்கள். யார் என்ற கேள்விக்கே இடமில்லை என்றால், அல்லது அது முக்கியமில்லை என்றால், தன்வினையாகவே எழுதலாம். உலோகமும் சந்தையும் நகரமும் தாமே விரிவதாகச் சொல்வதே ஆங்கிலத்தின் இயல்பான போக்கு. தொழில் இரண்டுக்கும் இடம் கொடுக்கும்; ஆனால் ஆக்கியவரைப் பற்றிப் பேச்சே இல்லாத வாக்கியத்தில் ‘வாஸ்’ சேர்த்தால், படிப்பவர் ‘யாரால்’ என்று தேடத் தொடங்கிவிடுவார். ‘காட் எக்ஸ்பாண்டட்’ என்பதை எழுத்தில் தவிர்த்துவிடச் சொல்லுங்கள்.

மாணவர் செய்ய வேண்டியது இதுதான்: ஆங்கில வாக்கியத்தை எழுதுவதற்கு முன் தமிழில் ‘விரிந்தது’ என்று சொல்ல வருகிறதா, ‘விரிக்கப்பட்டது’ என்று சொல்ல வருகிறதா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ‘விரிவாக்கம் செய்யப்பட்டது’ என்ற அலுவலகத் தமிழில் கேட்கக் கூடாது. அந்த நடை தமிழிலேயே தன்வினையை விழுங்கிவிட்டது. ‘நகரம் விரிந்தது’ என்று இரண்டு சொற்களில் முடிவதை ‘நகரம் விரிவாக்கம் அடைந்துள்ளது’ என்று எழுதிப் பழகியவருக்கு ஆங்கிலத்தின் எளிய தன்வினையும் குறையுடையதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

மறுதிசையில் ஓர் எச்சரிக்கையும் தேவை. தமிழில் ‘விரி’ என்று வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் ‘எக்ஸ்பாண்ட்’ வராது. குடையை விரிப்பது ‘ஓப்பன்’, சிறகை விரிப்பது ‘ஸ்பிரெட்’, வியப்பில் கண்கள் விரிவது ‘வைடன்’, மலர் விரிவது ‘ஓப்பன்’ அல்லது ‘புளூம்’. அந்தப் பொருள்கள் பெரிதாகவில்லை, திறக்கின்றன.

நாற்சந்தி எழுதியது:

வினைக்குப் பின்னால் வரும் சிறு சொற்களைப் பற்றி இன்னும் யாரும் முழுமையாகச் சொல்லவில்லை. வெப்பமானி அவர்கள் ‘இன்ட்டு’வைத் தொட்டார், மற்றவற்றையும் பார்ப்போம். பிழைகள் அதிகம் நேர்வது இங்கேதான்.

முதன்மையானது ‘ஆன்’. ‘எக்ஸ்பாண்ட் ஆன்’ என்றால் முன்பு சொன்ன ஒன்றைப் பற்றி மேலும் விரிவாகப் பேசுவது அல்லது எழுதுவது. ‘அப்பான்’ என்றாலும் அதே பொருள்தான், கொஞ்சம் முறைசார்ந்த நடை. ‘எக்ஸ்பாண்ட் அபௌட்’ என்பது கிடையாது. ‘அதைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள்’ என்ற தமிழ் வாக்கியத்தின் ‘பற்றி’தான் அங்கே ‘அபௌட்’ ஆக மாறி நுழைந்துவிடுகிறது. இந்தப் பொருளில் ஒரு முன்தேவை உண்டு: விரிவாகச் சொல்லப்படும் செய்தி ஏற்கெனவே சுருக்கமாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். முதன்முறையாக ஒன்றை விளக்கும்போது ‘எக்ஸ்பிளெய்ன்’ போதும். இதுவரை பேசப்படாத ஒன்றை ‘எக்ஸ்பாண்ட் ஆன்’ செய்ய இயலாது.

‘எக்ஸ்பாண்ட் யுவர் ஆன்ஸர்’, ‘எக்ஸ்பாண்ட் ஆன் யுவர் ஆன்ஸர்’ ஆகிய இரண்டும் சரியானவை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது விடையின் அளவைப் பெரிதாக்கச் சொல்கிறது: மூன்று வரியாக இருப்பது அரைப்பக்கமாகட்டும். இரண்டாவது அந்த விடையில் சொன்ன கருத்தை மேலும் விளக்கச் சொல்கிறது. நேர்காணலில் எதிரே அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கேட்பார்.

‘டு’ சென்றடையும் இடத்தையோ அளவையோ காட்டும். ‘இன்ட்டு’ புதிதாக நுழையும் களத்தைக் காட்டும். ‘பை’ வேறுபாட்டின் அளவைக் காட்டும். 100 பேர் கொண்ட குழு ‘பை 20’ விரிந்தால் 120 பேர்; ‘டு 120’ என்றாலும் அதே 120 பேர். ‘பை’ எழுத வேண்டிய இடத்தில் ‘டு’ எழுதிவிட்டால் 100 பேர் 20 பேராகச் சுருங்கிவிடுவார்கள். வணிகக் கடிதத்தில் இது சிறிய பிழையல்ல.

இலக்கே இல்லாமல், ஒரு மனிதரை எழுவாயாக வைத்து ‘ஹி எக்ஸ்பாண்டட்’ என்று வரும் பழைய பயன்பாடு ஒன்றும் இருக்கிறது. கூச்சம் விலகி மனம்விட்டுப் பழகத் தொடங்கினார் என்பது அதன் பொருள். புனைகதைகளில் கண்டால் புரிந்துகொள்ளலாம். நாமே எழுத வேண்டியதில்லை.

முக்கோணம் எழுதியது:

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒரு சொல். ‘எக்ஸ்பாண்ட்’ பெயராகும்போது ‘எக்ஸ்பான்ஷன்’. அதில் ‘எஸ்’ (s) வரும், ‘டி’ (t) வராது. ‘எக்ஸ்டென்ஷன்’, ‘சஸ்பென்ஷன்’ ஆகியவையும் அப்படியே. ‘இன்டெண்ட்’ போன்ற சில வினைகளோ ‘இன்டென்ஷன்’ என்பது போலப் பெயராகும்போது ‘எஸ்’ஸுக்குப் பதிலாக ‘டி’ (t) பெறுகின்றன. ஒலியில் வேறுபாடு தெரியாததால் மாணவர்கள் இவற்றைக் கலந்துவிடுகிறார்கள்.

தச்சுளி எழுதியது:

அதோடு ‘எக்ஸ்பான்ஸிவ்’, ‘எக்ஸ்பென்ஸிவ்’ குழப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னது பரந்த, அல்லது தாராளமாகப் பேசும் என்று பொருள்படும். பின்னது விலை மிகுந்த. பின்னதன் வினை ‘எக்ஸ்பெண்ட்’, அதாவது செலவிடு. அது லத்தீனில் எடைபோட்டுக் கொடுத்தலைக் குறித்த வேறொரு வினையிலிருந்து வந்தது; நம் சொல்லோடு அதற்கு உறவில்லை. மாறாக, மீன் முட்டையிடுவதைக் குறிக்கும் ‘ஸ்பான்’ என்ற சொல் பிரெஞ்சு வழியாக ‘எக்ஸ்பாந்தேரே’யிலிருந்தே வந்திருக்கிறது. பார்வைக்கு ஒத்திருப்பது உறவாக இல்லை, ஒவ்வாமல் தெரிவது உடன்பிறப்பாக இருக்கிறது. உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். இறந்தகால வடிவத்தில் ‘டிட்’ என்று ஓர் அசை கூடும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

வழிப்போக்கன் எழுதியது:

‘பிராடன்’, ‘என்லார்ஜ்’, ‘ஸ்பிரெட்’, ‘ஸ்வெல்’ ஆகியவை எங்கே நிற்கின்றன? ‘எக்ஸ்பாண்ட் ஒன்ஸ் ஹொரைஸன்ஸ்’ என்றும் ‘பிராடன் ஒன்ஸ் ஹொரைஸன்ஸ்’ என்றும் இரண்டும் எழுதப்படுகின்றனவே?

தச்சுளி எழுதியது:

இரண்டும் சரி, அங்கே வேறுபாடு தேட வேண்டாம். பொதுவாக ‘பிராடன்’ பார்வை, அனுபவம், ஆதரவு போன்ற கருத்துப் பொருள்களோடு நன்றாகச் சேரும். ‘வைடன்’ இரு ஓரங்களுக்கு இடையிலான அகலத்தைப் பற்றியது. அதனால்தான் ஏழை பணக்காரர் இடைவெளி ‘வைடன்’ ஆகிறது, பொதுவாக ‘எக்ஸ்பாண்ட்’ ஆவதில்லை. ஒளிப்படத்தைப் பெரிதாக்குவது ‘என்லார்ஜ்’. நோயும் வதந்தியும் நெருப்பும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தொற்றிச் செல்வதால் ‘ஸ்பிரெட்’. காயம்பட்ட கணுக்கால் வீங்குவது ‘ஸ்வெல்’. இயல்புக்கு மீறியது என்ற குறிப்பு அதில் உண்டு. மூச்சை இழுக்கும்போது நுரையீரல் ‘எக்ஸ்பாண்ட்’ ஆகும். கண்ணின் பாவையும் குருதிக்குழாயும் அகல்வதற்கு மருத்துவர்கள் ‘டைலேட்’ என்ற தனிச் சொல்லை வைத்திருக்கிறார்கள்.

இலைநுனி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் தீர்வாகாமல் இருக்கிறது. ஆறு வாரமாக இருந்த ஒரு பயிற்சி வகுப்பு எட்டு வாரமாக்கப்பட்டு, அதில் இரண்டு புதிய தலைப்புகளும் சேர்க்கப்பட்டன. இதை அறிவிப்பாக எழுதும் மாணவர் எந்த வினையைப் பயன்படுத்த வேண்டும்?

தச்சுளி எழுதியது:

இரண்டையும் பயன்படுத்த வேண்டும், ஐயா. ‘த கோர்ஸ் ஹாஸ் பீன் எக்ஸ்டெண்டட் டு எய்ட் வீக்ஸ்’ என்று காலத்துக்கு ஒரு வாக்கியம். ‘த சிலபஸ் ஹாஸ் பீன் எக்ஸ்பாண்டட் டு இன்குளூட் டூ நியூ டாபிக்ஸ்’ என்று பாடத்திட்டத்துக்கு ஒரு வாக்கியம். ‘கோர்ஸ் எக்ஸ்டெண்டட்’ என்று மட்டும் அறிவித்தால், பழைய பாடத்தையே மெதுவாக நடத்தப்போகிறார்கள் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘கோர்ஸ் எக்ஸ்பாண்டட்’ என்று மட்டும் அறிவித்தால், அதே ஆறு வாரத்துக்குள் கூடுதல் பாடங்களைத் திணிக்கிறார்கள் என்று நினைக்க இடமுண்டு. இரண்டு மாற்றங்களையும் வகுப்பை நடத்தும் நிறுவனம் திட்டமிட்டே செய்திருப்பதால், யாப்பு அவர்கள் சொன்ன முறைப்படி, இரண்டு வாக்கியங்களிலும் செயப்பாட்டு வினை இருக்கட்டும்.